அரை அங்குல விளிம்பு

ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்த மைக்கோ ஆலைதான் பெங்களூரு அடுகோடியின் பெயரை மோட்டார் தொழிலில் பரப்பியது. 1951-இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் இந்தியாவின் இன்றைய பாஷ். ஆலைக்குள் மைக்ரான் கணக்கில் வேலை நடந்தது. கார் உடம்பைச் சீராக்கும் டிங்கரிங் பட்டறைக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதை ரசிக்க, பெயின்ட் பளபளக்கும் நாளில் போய்ப் பயனில்லை. புதுத் தகடு வெல்டிங்குக்குத் தயாராகும் நாளில் போக வேண்டும்.

பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில், இரண்டு தகடுகள் சேர்ந்த ஒரு குழல். பெங்களூரு மழையும் சேறும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்தகடு பாதி போயிருக்கும்.

மாற்றுத் தகடு கறுப்பாக வரும். எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. கம்பெனித் தகட்டில் இருப்பது மின்சாரத் தொட்டியில் முக்கிப் படியவைத்த பூச்சு. கனம் சுமார் 20 மைக்ரான். மலிவு நகல்களில் கடை அலமாரியில் துருவேறாமலிருக்க அடித்த வெறும் பெயின்ட்கூட இருக்கலாம். தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் குட்டு வெளிப்படும். கறுப்பு துணியில் ஏறினால் முழுவதும் சுரண்ட வேண்டும். ஏறாவிட்டால் லேசாக மங்கவைத்தால் போதும். கிரைண்டரை வைத்துத் தகட்டையே வெள்ளியாக்குபவர், ஆலை கொடுத்த பாதுகாப்பைத் தூளாக்கிக் கொட்டுகிறார்.

கைதேர்ந்தவர் முதலில் தகட்டைக் கிளாம்பில் பிடித்து, கதவைச் சாத்தி, இடைவெளி பார்த்த பிறகே எமரியைத் தொடுவார். கம்பெனிப் பூச்சு என்றால், சுரண்டுவதும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அரை அங்குல விளிம்பை மட்டும்தான்.

அந்த விளிம்பில்தான் வித்தை. வெல்டிங் முடிந்தபின் அந்த இடுக்கில் எந்த பிரஷும் நுழையாது. அதனால் துத்தநாகம் கலந்த பிரைமரை முன்பே அடிக்கிறார்கள். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907-இல் கொதிக்கும். எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆக, வெல்டிங் புள்ளியில் துத்தநாகம் ஆவியாகிவிடும், சுற்றிலும் இருப்பது நின்று காக்கும். ஈரம் பட்டால் இரும்புக்கு முன் தான் கரைந்துகொடுக்கும். 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கக் கையாண்டதும் இதே தத்துவம்தான்.

ஆனால் தாராளம் கூடாது. தடித்துப் பூசினால் ஆவி வெளியேற வழியின்றி வெல்டிங்கில் ஓட்டை விழும், பொறி தெறிக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும். சி.ஓ.டூ வெல்டிங் என்றால் இன்னும் நுணுக்கம். மேல்தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, பிரைமர் காய்ந்ததும், துளைக்கு நேர் கீழே உள்ள வட்டத்தை மட்டும் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பை வெளிக்கொணர வேண்டும்.

பிறகு இணைப்பில் சீலர், குழலுக்குள் மெழுகு. வேலை முடிந்த வண்டியில் வாடிக்கையாளர் கையால் சோதிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: சில்லின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள். அவை சீலரில் அடைபடாமல் திறந்திருந்தால், பட்டறைக்காரர் கடைசிவரை கவனமாக இருந்திருக்கிறார்.