தொண்ணூற்றைந்து விழுக்காட்டு மயக்கம்

வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறவர்கள் கேஷ் அமைத்தவுடன் தேடிப் பார்ப்பது ஹிட் விகிதத்தைத்தான். கேட்ட தரவு கேஷிலேயே கிடைத்தால் ஹிட். தரவுத்தளம் வரை போய்வர நேர்ந்தால் மிஸ். 95 விழுக்காடு ஹிட் என்று கண்டால் மனம் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ச்சிமேல்தான் எனக்குச் சந்தேகம்.

வேர்ட்பிரஸுக்குள்ளேயே ஓர் ஆப்ஜெக்ட் கேஷ் இருக்கிறது. ரெடிஸ், மெம்கேஷ்டு போன்ற வெளிக் கேஷ் ஒன்றை இணைக்காதவரை அதன் ஆயுள் ஒரு பக்கம் உருவாகி முடியும்வரை மட்டுமே. அடுத்த வாசகர் வரும்போது மறுபடி வெறுங்கை. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்குள்ளேயே தீமும் பிளகின்களும் தளத்தின் அமைப்பு விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. முதல் முறை மிஸ், மீதியெல்லாம் ஹிட். ஒரு குடத்திலிருந்து நூறு முறை மொண்டுவிட்டு, கிணற்றுக்கு ஒரு முறைதான் போனேன் என்று பெருமைப்படுவது போன்ற கணக்கு இது. ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாக ஒரு நடை போகிறோம் என்பது அதில் தெரியாது.

ரெடிஸின் எண்கள் இதைவிட நேர்மையானவை. ஹிட், மிஸ் இரண்டோடு, இடம் போதாமல் வெளியே தள்ளிய பதிவுகளையும் அது எண்ணிவைக்கிறது. தள்ளப்படுபவை பெருகி ஹிட்டும் சரிந்தால் நினைவகம் போதவில்லை என்று துணிந்து சொல்லலாம். இவ்வளவு மலிவாக நோயறிய வேறு வழி எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால், அவை சர்வர் தொடங்கிய நாளிலிருந்து கூடிக்கொண்டே போகும் எண்கள். மூன்று மாதமாக ஓடும் சர்வரில் இன்று காலை ஒரு பிளகின் கேஷை முழுக்கத் துடைத்தாலும் மொத்த விகிதம் அசையாது. பத்து நிமிட இடைவெளியில் இருமுறை குறித்துக் கழித்தால்தான் இன்றைய நிலவரம் புரியும்.

இனி நேரக் கணக்கு. ஹிட்டுக்கு 10 மில்லிவினாடி, மிஸ்ஸுக்கு 2 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 95 விழுக்காட்டில் சராசரி ஏறத்தாழ 110 மில்லிவினாடி. 98க்கு உயர்ந்தால் 50. மூன்றே புள்ளியில் பாதிக்கு மேல் குறைகிறது! ஆனாலும் நூற்றில் இருவர் அதே 2 வினாடி காத்திருக்கிறார்கள். சராசரிக்கு அவர்கள் முகம் தெரியாது.

தளத்துக்கு முன்னால் நின்று முழுப் பக்கங்களையும் கேஷ் செய்யும் வார்னிஷ் விஷயம் இன்னும் வேடிக்கை. நார்வே நாளிதழ் ஒன்றின் தளத்துக்காக உருவாகி 2006இல் வெளிவந்த அது, குக்கீயோடு வரும் கோரிக்கையை இயல்பாகவே கேஷைத் தொடாமல் பின்னாலுள்ள சர்வருக்கு அனுப்பிவிடும். அது ஹிட்டுமல்ல, மிஸ்ஸுமல்ல. 'பாஸ்' என்று தனிக்கணக்கு. அதன் புள்ளிவிவரக் கருவியான வார்னிஷ்ஸ்டாட் காட்டும் விகிதத்தில் பாஸுக்கு இடமில்லை. ஏதோ ஒரு பிளகின் வருகிறவர்கள் கையிலெல்லாம் குக்கீயைத் திணித்துவிட்டால், பாதிப் பேர் கேஷைச் சுற்றிக்கொண்டு போவார்கள். திரையில் 98 அப்படியே நிற்கும். தேர்வு எழுத வராதவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி விழுக்காடு போடும் பள்ளியின் சாமர்த்தியம்தான்.

ஆகவே விகிதத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில், உள்நுழையாத ஒரு பிரௌசரில், நேற்று யாரும் தொட்டிராத பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.