மூலையில் ஒரு பெயர்

பழைய கல்யாண போட்டோ ஒட்டிய அட்டையின் கீழ்மூலையைத் தடவிப் பாருங்கள். ஸ்டூடியோ பெயரும் அதன் கீழே ‘தஞ்சாவூர்’ என்பதும் மையில்லாமல், அழுத்தத்தால் மட்டுமே எழும்பி நிற்கும். விரலுக்கு உடனே தெரியும்; கண்ணுக்கு அட்டையை வெளிச்சத்தில் சாய்க்க வேண்டும். முகங்களின் குறுக்கே ஓடாமல் ஒதுங்கி நின்றே ‘இது நான் எடுத்தது’ என்கிற அந்த அடக்கம், படம் எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது தஞ்சைப் பெரிய கோவில் படம் மூலை வெட்டுப்பட்டு, ‘காலை வணக்கம்’ சுமந்து வாட்ஸ்அப்பில் வருகிறது. படத்தை விற்றுவிட்டாலும் எடுத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. ஃபார்வர்டு செய்கிறவர் அதையெல்லாம் படித்துக்கொண்டா இருக்கிறார்?

பெயர் போனாலும் கை போகாத படங்கள் உண்டு. 1858-இல் லின்னியஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் இதே கோவில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒவ்வொரு துண்டுக்கும் கனத்த கேமராவை நகர்த்தி, எழுத்து வரிசை பிசகாமல் நிறுத்திய பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறிச்சென்று விழும். அவரோ பல படங்களில் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். சில இடங்களில் கொஞ்சம் அதிகப்படிதான். இருக்கட்டும், அது டிரைப்பின் மேகம்.