கிராம் கணக்கும் மலைக் கணக்கும்

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. உயரம் 163.63 மீட்டர். அந்தக் குன்றை வைத்துக்கொண்டுதான் இந்த ஊர் எவரெஸ்ட்டுக்குத் தயாரானது. டேவிட் லிம் தலைமையில் 1998இல் சென்ற குழுவிலிருந்து எட்வின் சியூ, கூ ஸ்வீ சியாவ் இருவரும் மே 25ஆம் தேதி உச்சியை அடைந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மே 23 அன்று, பக்கத்து மலேசியாவின் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் அங்கே நின்றிருந்தார்கள். 2012 மே மாதம் மருத்துவர் குமரன் ராசப்பன், எவரெஸ்ட் ஏறிய முதல் சிங்கப்பூர் இந்தியரானார்.

மலை இல்லாத ஊரில் மலையேறிகள் பழகுவது மாடிப்படிகளில். முதுகில் தண்ணீர் புட்டிகளோ அரிசி மூட்டையோ ஏற்றிக்கொண்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் படிகளில் மாலை நேரத்தில் ஏறி இறங்குகிறவர்களைத் தீவெங்கும் பார்க்கலாம். முதல் இலக்கு பெரும்பாலும் சபாவின் கினபாலு, 4,095 மீட்டர். அதற்கு ஒரு சாதாரண நாள்பை போதும். பிறகு சிலருக்கு நியூசிலாந்தின் பனிமலைப் பயிற்சி வகுப்போ நேபாளத்தின் ஆறாயிரம் மீட்டர் சிகரமோ ஆசை காட்டுகிறது. கயிறு, பனிக்கோடரி, காலணியில் மாட்டும் கூர்முட்களான கிராம்பான் எல்லாம் தேவைப்படும் அந்தக் கட்டத்தில், எந்தப் பையை வாங்குவது என்ற கேள்வியும் வருகிறது. இப்போது அதற்குக் கிடைக்கும் விடை அநேகமாக ஒன்றுதான்: இருப்பதிலேயே எடை குறைந்தது.

இந்த விடைக்குப் பின்னால் வலுவான வரலாறு இருக்கிறது. 1975இல் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் 8,080 மீட்டர் உயர காஷெர்பிரம் ஒன்றில், உயர்முகாம் சுமையாளும் இல்லாமல் ஆக்சிஜன் புட்டியும் இல்லாமல், தங்கள் முதுகில் இருந்ததை மட்டும் நம்பி ஏறி இறங்கினார்கள். எட்டாயிரம் மீட்டர் மலைகளிலும் இந்த ஆல்பைன் பாணி சாத்தியம் என்று அந்த ஏற்றம் காட்டியது. சுமை குறைந்தால் வேகம் கூடும். பனிமலையில் வேகம் பாதுகாப்பும்கூட. விடியலுக்கு முன் உறைந்து இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறியதும் இளகுகிறது. உறைபனி பிடித்து வைத்திருந்த கற்கள் உருளத் தொடங்குகின்றன. அதற்குள் ஆபத்தான சரிவைக் கடந்துவிட வேண்டும். ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கடல்மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய சிங்கப்பூரருக்கு அங்கே ஒவ்வொரு கிலோவும் உறைக்கும்.

ஆகவே இலகுப்பை என்ற கருத்தில் குறையில்லை. அதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தேர்ந்தெடுக்கும் முறையிலும் பயன்படுத்தும் முறையிலும்தான் கோளாறு.

முதலில் பொதுவான ஒரு கணக்கு. இரண்டு கிலோ எடையுள்ள சட்டகப்பையை விட்டு ஒரு கிலோ பைக்கு மாறினால் மிச்சம் ஒரு கிலோ. அறுபது மீட்டர் நீளமும் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கயிறு மட்டுமே மூன்றரை கிலோ அளவில் இருக்கும். இரண்டு பனிக்கோடரிகள் ஒரு கிலோ, கிராம்பான் ஏறத்தாழ ஒரு கிலோ, தூக்கப்பை ஒரு கிலோ, அடுப்பும் எரிவாயுவும் பாத்திரமும் முக்கால் கிலோவுக்கு மேல். உணவும் தண்ணீரும் உடையும் சேர்ந்தால் மொத்தம் பன்னிரண்டு கிலோவை எளிதில் தாண்டும். மிச்சமான ஒரு கிலோ நல்லதுதான். ஆனால் தேவையில்லாத உடைகளையும் உதிரிகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டால், காசு செலவில்லாமல் அதைவிட அதிகம் மிச்சமாகும். சாமான்களை முதலில் தரையில் பரப்பி எடை போட்டு, குறைத்து, பிறகு அவை கொள்ளும் பையைத் தேடுவதே சரியான வரிசை. கொள்ளளவு பெரிதாக இருந்தால் அது நிரம்பியே தீரும். ஒருநாள் ஏற்றத்துக்கு முப்பது லிட்டர், இரண்டு மூன்று நாளுக்கு நாற்பது முதல் நாற்பத்தைந்து லிட்டர் போதும்.

நல்ல ஆல்பைன் பையின் வடிவத்துக்குக் காரணம், மலையடிவாரத்தில் இருக்கும் சுமை ஏற்றத்தின்போது இருப்பதில்லை என்பது. முகாம்வரை கயிறும் கிராம்பானும் இடுப்பில் கட்டும் ஹார்னஸும் பைக்குள் இருக்கும். ஏறத் தொடங்கியதும் அவை உடம்புக்கு மாறிவிடும். அப்போது மேல்மூடி, இடுப்புப் பட்டை, முதுகுத் தகடு ஆகியவற்றைக் கழற்றிவிட முடிய வேண்டும். தடித்த இடுப்புப் பட்டை ஹார்னஸின் மேல் உட்கார்ந்து, காரபைனர் மாட்டும் வளையங்களை மறைத்துவிடும். பை தலைக்கு மேல் உயர்ந்திருந்தால் ஹெல்மெட் அதில் இடிக்கும். செங்குத்துச் சரிவில் அண்ணாந்து பார்க்க முடியாது. இந்த இரண்டையும் எடைச் சீட்டு சொல்லாது. ஹார்னஸும் ஹெல்மெட்டும் அணிந்து பையை மாட்டிப் பார்த்தால் உடனே தெரியும்.

இங்கேதான் இந்த ஊரின் தட்பவெப்பம் வாங்குபவரைத் தவறான பக்கம் இழுக்கிறது. சிங்கப்பூரில் பத்து நிமிடம் நடந்தால் முதுகு நனையும். அதனால் முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டி, காற்றோட்டம் தரும் பைகள் இங்கே பலருக்கும் பிடித்தமானவை. காட்டுப்பாதை நடைக்கு அவை அருமை. பனிமலையிலோ அந்த இடைவெளி சுமையை முதுகைவிட்டு வெளியே தள்ளி, ஏறுபவரைப் பின்னுக்கு இழுக்கிறது. வலைக்குள் பனி புகுந்து அடைத்துக்கொள்கிறது. வளைந்த சட்டகம் எடையையும் கூட்டுகிறது. அங்கே வேண்டியது முதுகோடு ஒட்டிக் கிடக்கும், தட்டையான, வெறுமையான பை.

கடையில் போட்டுப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். சையத் ஆல்வி ரோடு முஸ்தபாவில் பள்ளிப்பை எடுப்பதுபோல ஆல்பைன் பையை டி-சட்டையோடு மாட்டிப் பார்த்து எடுத்துவிட முடியாது. மலையில் அதே தோள்பட்டை மூன்று அடுக்கு உடைக்கும் இறகு ஜாக்கெட்டுக்கும் மேல் உட்காரும். அப்போது நெஞ்சுப் பட்டை எட்டுமா? எடை குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் கொக்கிகளைச் சிறிதாக்கி, பட்டைக்குப் பதில் மெல்லிய கயிறு வைக்கிறார்கள். குளிரூட்டிய கடையில் வெறுங்கையால் அவை சுலபமாகத் திறக்கும். தடித்த கையுறைக்குள் மரத்துப்போன விரல்களுக்கு அவை வசப்படுவதில்லை. ஜாக்கெட்டையும் கையுறையையும் கடைக்கு எடுத்துப்போக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பைக்குள் பத்துக் கிலோ வைத்துத் தரும்படி கேட்பதும் வாங்குபவரின் உரிமை.

பெரிய சேதம் மாடிப்படிகளில் நடக்கிறது. சட்டகமில்லாத இலகுப்பை பத்துப் பன்னிரண்டு கிலோவுக்காகத் தைக்கப்படுவது. பயிற்சியில் அதே பைக்குள் இருபது கிலோ போகிறது, வாரத்தில் பல நாள். தோள்பட்டைத் தையல் இழுபடுகிறது. வியர்வையின் உப்பு துணியில் ஊறுகிறது. மாடிப்படிச் சுவரின் சொரசொரப்பு அடிப்பக்கத்தைத் தேய்க்கிறது. இடுப்புக்கு இறங்க வழியில்லாத சுமை முழுவதும் தோளில் தொங்குவதால் கழுத்தும் நோகிறது. மலைக்கு வாங்கிய பை மலையைப் பார்க்கும் முன்பே பாதி ஆயுளை இழக்கிறது. பயிற்சிக்குப் பழைய, கனமான, சட்டகமுள்ள பையே ஏற்றது. அது எவ்வளவு கனமோ அவ்வளவு லாபம். சுமையாகத் தண்ணீர் வைத்தால் மேலே போனதும் கொட்டிவிட்டு முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கலாம். புதுப்பையை மலைக்குத் திட்டமிட்ட அதே சுமையோடு ஓரிரு முறை வெளியே கொண்டுபோய், எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று கைக்குப் பழக்கிக்கொண்டால் போதும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. இலகுவான நைலான் துணிகள் பலவற்றின் உட்புறத்தில் நீர்புகாமல் இருக்கப் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதிமுறையில் சிதையும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு புளித்த நாற்றம், கடைசியில் செதில் செதிலாக உதிர்வு. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். தொண்ணூறுகளின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீவக வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பறை இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுதான் சாமான் அறை. காற்று புழங்காத அந்த அறைக்குள், வியர்வை காயாமல், சுருட்டித் திணித்த பை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. புகைப்படக் கலைஞர்கள் லென்ஸுக்கு ஈரமுறிஞ்சும் அலமாரி வாங்கும் ஊரில், பல நூறு வெள்ளி பைக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. கழுவி, நிழலில் முழுதும் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவதே இதற்கு மருந்து. வாங்கும்போதே சிலிக்கோன் பூச்சுள்ள துணியா என்று கேட்பதும் நல்லது. அது இப்படிச் சிதைவதில்லை.

பாய்மரத் துணியிலிருந்து வந்த டைனீமா கூட்டுத்துணிப் பைகளைப் பலர் இறுதி விடையாக நினைக்கிறார்கள். எடைக்கு அதன் இழுவலிமை வியக்கத்தக்கது; தண்ணீரும் குடிக்காது. ஆனால் இழுவிசையைத் தாங்குவது வேறு, உராய்வைத் தாங்குவது வேறு. மெல்லிய வகைகள் கருங்கல்லில் உரசினாலும் கிராம்பான் முனை குத்தினாலும் தோற்றுப்போகும். மடித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடித்தால் அடுக்குகள் பிரியும். பாறைப் பிளவுக்குள் உடம்பை நுழைத்து ஏறுபவருக்கு, இருநூறு டெனியர் நூல் கனமுள்ள நைலான் நூறு நூற்றைம்பது கிராம் கூடுதலாக இருந்தாலும் நம்பகமானது. கிழிந்தால் பழுதுபார்ப்பதும் எளிது. தேக்கா நிலையத்தின் மேல்தளத் தையற்காரர் ஒரு வளையமோ ஒட்டுத்துணியோ வைத்துத் தரலாம். தோள்பட்டை சேரும் இடத்தை மட்டும் அவரிடம் கொடுக்கக் கூடாது. அதற்குத் தடித்த நூலும் அதற்கான இயந்திரமும் வேண்டும்.

சாங்கி விமான நிலையத்தில் பையைத் தனியாகப் பெட்டியோடு பெட்டியாக அனுப்புவதும் தவறு. பனிக்கோடரியும் கிராம்பானும் விமானத்தின் உள்ளே அனுமதியில்லாதவை. சரக்கில்தான் போக வேண்டும். வெளியே தொங்கும் பட்டைகள் நகர்பட்டையில் சிக்கினால் மெல்லிய துணி பிய்ந்துவிடும். கூர்முனைகளுக்கு உறை போட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய டஃபல் பைக்குள் வைத்து அனுப்புவதே முறை.

பனிமலையில் கயிறு பிடிக்கப் போகிறவருக்கு இலகுப்பை தகுதியான கருவி. அதில் சந்தேகம் வேண்டாம். கினபாலுவோடு நிற்கப்போகிறவருக்கு அது வீண்செலவு. முதல் பனிமலை வகுப்புக்குப் போகிறவர், கழற்றி மாற்றக்கூடிய முதுகுத் தகடும் இடுப்புப் பட்டையும் கொண்ட, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நாற்பது லிட்டர் நைலான் பையை வாங்கட்டும். பயிற்சிக்கு வீட்டில் கிடக்கும் பழைய பையை எடுக்கட்டும். பாதுகாப்பறையில் சுருட்டி வைத்த பை இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்து, உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.