ஊர்க் கணக்கில் விடுபட்ட பெயர்கள்

நம் சங்க மலர்களில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் வரும் கட்டுரைகளை நான் ஒன்று விடாமல் படிக்கிறவன். ஆலமரம், ஏரிக்கரை, தேர்த் திருவிழா எல்லாம் அதில் இருக்கும். வண்டூர்க் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்கும்போது மனசு ஊருக்கே போய்விடும். ஆனாலும் வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாமல் விட்ட பேரேடு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு பக்கமும் எழுதப் பார்த்த இரண்டு ஆங்கில நூல்களைப் பற்றி, என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதல் நூல் 1918இல் வந்த 'சில தென்னிந்தியக் கிராமங்கள்'. பதிப்பாசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக் கிராமங்களின் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் குடியானவர் கைவிட்டுப் போன வரலாற்றை 1907இலேயே நூலாக எழுதியவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். "கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து வாருங்கள்" என்று 1916இல் மாணவர்களை அனுப்பினார். வடமலைப்புரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி ஆகிய தமிழ் ஊர்கள் அப்படி ஏட்டில் ஏறின. இருபது வருஷம் கழித்து, 1936-37இல், பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராயச் செய்து 1940இல் இரண்டாம் நூலை வெளியிட்டார்கள். முதல் உலகப் போரின் நடுவில் ஒரு தடவை, இரண்டாம் போருக்குச் சற்று முன்பு ஒரு தடவை என்று நம் ஊர்களுக்கு எடுத்த இரண்டு படங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இவற்றில் தூசி எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சமணக் குடும்பத்தில். மகேந்திர பல்லவன் காலத்தது என்று சொல்லப்படும் மாமண்டூர் ஏரிதான் தூசி வயல்களுக்கும் தண்ணீர். அந்த ஏரியைப் பற்றிப் பெருமை பேசாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனால் எந்த வயலுக்குச் சொந்தக்காரர் யார், கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதியவர்கள் இந்த மாணவர்கள்தான். சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்.

இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பலன். நடுவிலே 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வருகிறது. நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. வாங்கிய கடனோ ரூபாயில் நிற்கிறது, அது குறையவில்லை. பத்து மூட்டை விற்று அடைத்திருக்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை வேண்டும். இதுதான் கணக்கு. 1938இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம் இதிலேயே விளங்கிவிடும்.

இனி குறைக்கு வருகிறேன். ஸ்லேட்டர் பிறந்த நாட்டில் ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு திருச்சபைப் பங்கு உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று 1538ஆம் வருஷத்திலிருந்து பதிவேடு வைக்க உத்தரவு. அங்கேயும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. கோவிலுக்குள்ளேயே பிரபு வீட்டாருக்குத் தனி இருக்கை. இருந்தாலும் பண்ணைக் கூலிக்காரன் பெயரும் அந்த ஏட்டில் ஏறியது. முதல் போர் முடிந்ததும் ஊர்தோறும் நினைவுக்கல் நட்டார்கள். பிரபு வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே கல்லில் பெயராக நிற்கிறார்கள். அதே போருக்கு எங்கள் பக்கத்து ஆட்களும் போனார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்லைப் பாருங்கள்: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண் இருக்கிறது. பெயர் இல்லை.

ஸ்லேட்டர் நூலின் குறையும் இதுவே என்பது என் கருத்து. இருவேல்பட்டுப் பகுதியில் படியாள் முறையைப் பற்றி மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கியவர் அந்த வீட்டுக்கே ஆளாகிவிடுவார், வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது, கடனும் அடையாது. நம் மலர்களில் இந்த ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை. அந்த மட்டில் நூலுக்கு ஒரு கும்பிடு. ஆனால் நூல் படியாளைப் பற்றிப் பேசுகிறதே தவிர, படியாள் அதில் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் வரை படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான, மேல்சாதி வீட்டுப் பிள்ளைகள். திண்ணையிலிருந்து பார்த்தால் தெருக்கோடி வரைதான் தெரியும், சேரிக்குள்ளே நடப்பது தெரியாது.

இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். எங்கள் தாத்தா எழுதிய நாள்வழி ஏடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் உழவு மாடுகளுக்குப் பெயர் இருக்கிறது: மயிலை, செவலை. அந்த மாடுகளை ஓட்டியவருக்கு 'ஆள் கூலி, நெல்' என்று மட்டும் இருக்கிறது. எறும்புக்கும் தீங்கு நினையாத குலம் என்று பெருமைப்பட்ட வீடு ஐயா அது! சின்னப் பையனாக நானும் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன், அவர் பெயர் தெரியவில்லை.

1980களில் எஸ். குகன் முதலிய அறிஞர்கள் இந்த ஊர்களில் சிலவற்றுக்கு மறுபடி போனார்கள். 2008இல் இருவேல்பட்டுக்குப் போன ஜான் ஹாரிஸ் குழுவினர் 2010இல் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. பழைய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருக்கிறது, ஜனங்கள் வெளி வேலைக்குப் போகிறார்கள் என்று அதில் தெரிகிறது. ஊர் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மாறாதது நம் மலர்க் கட்டுரைகளில் இருக்கும் ஊர் ஒன்றுதான்.

நம் வண்டூரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று பிழைக்க வந்தவர்களால் ஆனவை இந்தத் தீவின் ஊர்கள். இங்கே வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த ஆலமரத்து நிழல் கிடைக்காமல்தான் கப்பல் ஏறினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் 'நம் ஊர் சொர்க்கம்' என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது நியாயமா?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். படிக்கிற பிள்ளைகளை ஒரு விடுமுறையில் வீடு வீடாக அனுப்புங்கள். யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், ஏன் வந்தார்கள் என்று எழுதட்டும். குடும்பத் தலைவர் பெயரோடு நிறுத்தாமல் பெண்கள் பெயரையும் எழுதட்டும். கடையில் மூட்டை தூக்குகிறவர், படகில் கூலிக்குப் போகிறவர் பெயரும் இருக்கட்டும். அடுத்த மலரில் அதை அச்சிடுவோம். அந்த ஏட்டுக்கு வேண்டிய காகிதச் செலவு என் பற்றில் எழுதிக்கொள்ளலாம்.