வரைபடம் போதுமா?

மலைச் சரிவையொட்டிய வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்ட, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தை மட்டும் நம்பலாமா? வட்டாரத்தை அறிய அது அருமையான படைப்பு. ஆனால் அளவு 1:50,000 அல்லவா? 10 மீட்டர் அகல வீடு அதில் 0.2 மில்லிமீட்டர்தான், பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும்! அறைக்காகச் சரிவின் அடியை நீங்கள் செங்குத்தாக வெட்டப்போவதையும் அது அறியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் இடிந்தவற்றுள் பல, சாலைக்கோ வீட்டுக்கோ வெட்டப்பட்ட சரிவுகளே.

மழைநீர் மண்ணிடுக்குகளில் நிறைந்தால், அதன் அழுத்தம் துகள்களை ஒன்றோடொன்று நெருக்கும் விசையைக் குறைக்கிறது, உராய்வும் குறைகிறது. ஆகவே ‘குறைவு’ என்னும் நிறத்தை அனுமதியாகக் கொள்ளாதீர்கள். தடுப்புச் சுவரில் நீர்வடியும் துளைகள் உண்டா, மேட்டில் விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டுமுன் மண்ணியல் அறிந்த பொறியாளரை அழையுங்கள்.