கோணல் பலகை

அறுத்த பலகை காயக்காய நெளியும். ஒரு மூலை தூக்கும், நடு குழியும். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்தில் தொழில் நடத்திய ரோஜர் அண்ட் சன்ஸ் என்ற தச்சு நிறுவனம், கட்டுமானத்துக்கு இடம்விட வெட்டப்பட்ட உள்ளூர் மரங்களை இப்படிப் பலகையாக்கி, ஆர்டரின் பேரில் மேசை நாற்காலியாக்கியது. தூங்குமூஞ்சி, வேங்கைக்கு உறவான அங்சானா என்று எல்லாம் நடைபாதைக்கு நிழல் தந்த மரங்கள்.

நெளிந்த பலகையின் இரு முனையிலும் நேர்ச்சட்டம் வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது தச்சர் வழக்கம். சட்டங்கள் இணையாகும்வரை மேடான மூலைகளை மட்டும் இழைப்புளி சீவும். முதலில் தடங்கிக் கரகரக்கும். சமம் வந்ததும் ஒரே இழுப்பில் 'சர்ர்' என்று நீளச் சுருள். பலகையில் வெடிப்பு இருந்தால், அதை மறைக்காமல் பட்டாம்பூச்சி வடிவத் துண்டு பதித்து நிறுத்துவதுதான் அழகு. எண்ணெய் பட்டதும் ரேகை விழித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் மரம் பிறகும் அசையும் என்பதால், மேசைத் தளத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிக்கு நீள்துளை விடுவார்கள்.