குப்பை எங்கே பிறக்கிறது?

‘வீட்டுக் குப்பையைக் குறைப்போம்’ என்ற தலைப்பில் நீங்கள் ஒரு முறையாவது பள்ளியில் கட்டுரை எழுதியிருப்பீர்கள். அத்தகைய கட்டுரைகள் பலவற்றைத் திருத்தியவன் நான். முன்னுரையில் இயற்கை அன்னை கண்ணீர் வடிப்பாள். நடுவில் துணிப்பை, எவர்சில்வர் தூக்கு, வாழையிலை ஆகியவை வரிசையாக வரும். ‘மாற்றம் நம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்’ என்று முடியும். எழுத்துப்பிழை இல்லையென்றால் பத்துக்கு எட்டு மதிப்பெண். அந்த எட்டைத் தாராளமாகப் போட்டு வந்தவன்தான் நானும். இப்போது போட மனம் வரவில்லை. அறிவுரைகள் தவறானவை அல்ல, கணக்குதான் தவறு. குப்பை கடையில் பிறந்து, வீட்டில் வளர்ந்து, தெருவில் சாகிறது என்றே இக்கட்டுரைகள் கொள்கின்றன.

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் சாலையில் தெற்கே செல்லுங்கள். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கும். குடிகாடு என்னும் சிற்றூர் அதை ஒட்டியே இருக்கிறது. மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயப்பொருள் போன்றவற்றுக்கான ஆலைகள் 1980களிலிருந்து இங்கு வந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது கடலூர் பெற்றது 100க்கு 77.45. எழுபதைத் தாண்டினாலே ‘மிகக் கடுமையான மாசு’ என்று பொருள். இந்தத் தேர்வில் மதிப்பெண் கூடுவது நல்லதன்று.

இதற்கும் வீட்டுக் குப்பைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1992இல் ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியல் அறிஞர் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். ஒரு கிலோ சரக்கைச் செய்து முடிக்கும்போது எத்தனை கிலோ கழிவு மிஞ்சுகிறது? பெருமளவில் செய்யப்படும் அடிப்படை வேதிப்பொருள்களில் 1 முதல் 5 கிலோ. நுண் வேதிப்பொருள்களில் 5 முதல் 50 கிலோ. மருந்துப் பொருள்களிலோ 25 முதல் 100 கிலோவுக்கும் மேல் என்று அன்று அவர் கணக்கிட்டார். இதில் தண்ணீர் சேரவில்லை. மருந்து மூலக்கூறு ஒரே வினையில் உருவாவதில்லை. படிப்படியாகப் பல வினைகள் நடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கரைப்பான்கள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சரக்கு வீணாகும். ஆகவே காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு வெற்று அட்டையைக் கூடையில் போடுகிறீர்களே, அந்த மாத்திரைக்கான குப்பையில் பெரும்பகுதி, அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வேறோர் ஊரில் கொட்டப்பட்டுவிட்டது. நம் கூடையில் விழுவது கடைசிச் சில கிராம்தான்.

அந்த ‘வேறோர் ஊர்’ மக்கள் சும்மா இருக்கவில்லை. 2004இல் சிப்காட் பகுதிக் கிராமத்தார் சிலர் பயிற்சி பெற்று, எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எதைப்போன்ற வாடை வந்தது என்று குறித்து வைத்தார்கள். ஒரு வாளிக்குள் சிறப்பு வகைப் பையைப் பொருத்தி, வாடை வரும் வேளையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 20க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் அக்காற்றில் இருந்தன. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கட்டுரை எழுதும் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அந்த வாளி பிளாஸ்டிக். காற்றுப் பையும் பாலிவினைல் ஃபுளோரைடு என்னும் பிளாஸ்டிக். பிடித்த வாயுக்களோடு எளிதில் வினைபுரியாமல் காக்க அதுவே ஏற்றது. ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில் உள்ள குறை இதில் விளங்கும். ஒழிக்க வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்தறிவதுதான் அறிவியல்.

எது ஒழிய வேண்டும்? கடலூரிலேயே பதில் இருக்கிறது. எந்தப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டின் வரலாறு இந்த ஊரோடு பின்னியது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டுமென்றால் சிறு சிறு பொட்டலமாக விற்க வேண்டும் என்று எண்ணினார். அவர் குடும்பத்தாரே பிறகு வெல்வெட், சிக் ஆகிய ஷாம்புகளைச் சிறு உறைகளில் விற்றுப் பெயர் பெற்றார்கள். அந்த எண்ணத்தை நான் இகழமாட்டேன். புட்டி வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அது உண்மையிலேயே உதவியது. துணிப்பைக்கு உபதேசம் செய்வோர் இந்த ஏழைமைக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பொருளைச் சிறு கூறாக்கினால் உறைக்கு என்ன நேர்கிறது? கணிதம் தெரிந்த நீங்களே போட்டுப் பாருங்கள். பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. கனசதுரங்கள் ஆயிரமாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6,000. பொருள் அதே ஒரு லிட்டர்தான்; போர்த்த வேண்டிய பரப்போ பத்து மடங்கு. பாக்கெட்டின் தாள் புட்டியைவிட மிக மெல்லியது என்பதால் எடை பத்து மடங்காகிவிடாது. தொல்லை எடையில் இல்லை, எண்ணிக்கையில். 200 மி.லி. புட்டி ஒன்று, 5 மி.லி. பாக்கெட் நாற்பது. ஒரு புட்டிக்காகக் குனிபவர் நாற்பது துணுக்குகளுக்காகக் குனியமாட்டார்.

குனிந்து பொறுக்கினாலும் விலை போகாது. பாலியெஸ்டர், பாலிஎத்திலீன், சிலவற்றில் அலுமினியப் படலமும் சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு உறை அது. பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பாலியெஸ்டருக்கு ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும். ஒன்றாக உருக்கிப் புதுப்பொருள் வார்க்க வழியில்லை. காயலான் கடைக்காரர் இந்த வேதியியலைப் படித்தவர் அல்லர். ஆனாலும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்.

சட்டம் என்ன செய்தது? மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டுகளில் நிறுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. 2018இல் விதி திருத்தப்பட்டது. எரித்து ஆற்றல் பெற இயலாதவையும் வேறு பயனற்றவையும் மட்டுமே நிற்க வேண்டும் என்று ஆயிற்று. சிமெண்ட் சூளையில் எரிக்க முடியும் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. ஆலையிலேயே உறையிட்டு வரும் சரக்குக்குத் தொடக்கத்தில் விலக்கு. 2020இல் அதுவும் நீங்கியது. காகிதத்தில் நீங்கியதே தவிர, சரங்கள் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அபராதம் கட்டியவர்களில் பூக்காரம்மாவும் டீக்கடைக்காரரும் எத்தனை பேரோ!

2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நல்ல முயற்சி. ஆனால் துணிப்பையும் இலவசமாக விளைவதன்று. பருத்திப் பை ஒன்று, பருவநிலைக் கேட்டளவில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் குறைந்தது 52 முறை பயன்பட வேண்டும் என்று டென்மார்க்கில் 2018இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. என் வீட்டு அலமாரியில் கல்யாணங்களில் பெற்ற தாம்பூலப் பைகளை எண்ணினேன்: முப்பத்தொன்று. இரண்டே இரண்டுதான் கடைக்குப் போய் வருகின்றன.

பாக்கெட் குப்பைக்கு வழியே இல்லையா? சிக் ஷாம்புவின் வரலாற்றிலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. எந்த நிறுவனத்தின் ஷாம்பு உறையானாலும் ஐந்து வெற்றுறைகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று தொடக்க காலத்தில் அறிவித்தார்கள். பிறகு சிக் உறை மட்டுமே செல்லும் என்றார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமாக உயர்ந்ததாக நிறுவனரே சொல்லியிருக்கிறார். அது வியாபார உத்தி; குப்பைக் கவலை அதில் இல்லை. ஆயினும் அது என்ன காட்டிற்று? வெற்றுறைக்கு மதிப்பு இருந்தால் மக்கள் அதைத் தெருவில் எறியமாட்டார்கள். கோலி சோடாப் புட்டியை யார் எறிந்தார்? 2022இல் நீலகிரியில் உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் மதுப்புட்டிக்குப் பத்து ரூபாய் வைப்புத்தொகை வந்தபோதும் புட்டிகள் பெருமளவில் கடைக்குத் திரும்பின. குடிப்பவரிடமே செல்லுபடியான முறை ஷாம்பு தேய்ப்பவரிடம் செல்லாதா?

எனவே அடுத்த முறை இக்கட்டுரையை எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேரும் உறைகளைக் கழுவிக் காய வைத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். காயலான் கடை எடுப்பது ஒன்று. யாரும் எடுக்காதது ஒன்று. வாங்காமலே இருந்திருக்கலாம் என்று அம்மா சொல்வது ஒன்று. இரண்டாவது குவியலில் ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். அவற்றை நோட்டில் எழுதி, எதிரே உறைகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். அந்தப் பட்டியலோடு வரும் கட்டுரைக்கு, எழுத்துப்பிழை இருந்தாலும், பத்துக்கு ஒன்பது போடுவேன்.